பாஸ்ரா காலண்டரும் ரோசரியின் கண்களும்

லியோனார்ட் மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பேனர் வரைபவர். பிறந்தது லகாட்டுக்குப் பக்கத்தில் செங்காட்டுத் தோட்டத்தில். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் எழும்பியபோது, மற்றவர்கள் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போனார்கள். லியோனார்ட் பெயிண்ட் டப்பாக்களோடு டவுனுக்குப் போனார். குடியிருப்பது மட்டும் பழைய தோட்டத்து மண்ணில் கட்டிய தாமான் வீட்டில்தான்.

கதாநாயகர்களின் மீசையை அவர் வரைந்தால் அதில் ஒரு ரோமம்கூடத் தப்பாது. நாயகிகள் விஷயத்தில்தான் அவருக்குத் திருப்தி வருவதில்லை. எல்லா நாயகியும் ஒரே மாதிரி சிரித்தாள், ஒரே மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தாள். "இவங்க யாரையும் பாக்கவே இல்லையே, நம்ம பாக்குறதுக்காகத்தானே நிக்கிறாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்க யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

எழுபத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் அவருடைய பள்ளித் தோழன் அர்ச்சுனன் ஊருக்கு வந்தான். அவன் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்பவன். ஈராக்கில் பாஸ்ரா துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் பினாங்கில் நின்றதும், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தையும் சுருட்டிய காலண்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு நேரே லியோனார்ட் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மச்சான், படம் வரையிற ஆளு நீ. ஒனக்குத்தான் இது. கப்பல்ல யாரும் மாட்ட விடல லா. பாத்தா தூக்கம் வர மாட்டேங்குதாம்."

மாதத்துக்கு ஒரு படம். எல்லாம் பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய சிலைகள். தாடி வைத்த ஆண்களும் இருந்தார்கள். ஆனால் லியோனார்ட் மார்ச் மாதத்தைத் திருப்பியவர் அதற்குமேல் திருப்பவில்லை. ஒரு பெண் நின்றாள். அகன்ற தோள். நெஞ்சுக்கு நேரே கோத்த கைகள். கீற்று வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகத் தொங்கும் பாவாடை. புருவங்கள் இரண்டும் நடுவில் சேர்ந்து ஒரே கோடு. அதற்குக் கீழே கண்கள். முகத்தில் பாதி அவற்றுக்கே போய்விட்டது. வெள்ளைச் சிப்பியில் கருப்பு வட்டம் பதித்த அந்தக் கண்கள், பார்க்கிறவனைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சற்று மேலே, வேறு யாரையோ பார்த்தன.

படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலம். லியோனார்ட் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பழைய ஈராக்கில், சுமேரியா என்ற அந்த நாட்டில், மக்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கோயிலிலேயே நிற்க முடியாது என்பதால், தங்களைப்போல ஒரு சிலை செய்து அங்கே நிறுத்திவிடுவார்களாம். அது தூங்காமல் அவர்களுக்காகக் கும்பிட்டுக்கொண்டே இருக்குமாம்.

ஜனவரியிலேயே மார்ச் மாதம் சுவரில் ஏறியது. அவர் மனைவி ரோசரி சட்டை தைக்கும் ஆலையிலிருந்து வந்து, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

"யாருங்க இந்தப் பொம்பள? பேயடிச்ச மாதிரி பாக்குறா?"

"சாமி கும்பிடுறா."

"இப்படிக் கும்பிட்டா சாமியே எந்திரிச்சு ஓடிருமே!"

அந்தக் கண்கள் லியோனார்டின் கைக்குள் இறங்கிவிட்டன. அந்த மாதம் கொட்டகைக்கு வந்தது ஓர் அண்ணன் தங்கைப் பாசப்படம். பேனரில் அண்ணன் வழக்கம்போல் வந்தான். தங்கையோ சேர்ந்த புருவமும் கோத்த கையும் பலகாரத் தட்டு அகலத்துக்குக் கண்களுமாக, ஈப்போ கடைத்தெருவைத் தாண்டிச் சுண்ணாம்புக் குன்றுகளை வெறித்தாள்.

முதல் நாள் கூட்டம் நெரித்தது. கொட்டகை மேனேஜரான சீனருக்கு ஒரே சந்தோஷம். இடைவேளைக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. தங்கை மூன்றாவது முறையாக அழுததும் முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "பேய் எப்ப வரும் லா?" என்று கத்தினான். மொத்தக் கொட்டகையும் அவனோடு சேர்ந்து பேயைக் கேட்டது. பேய் வரவில்லை. தங்கைக்குக் கல்யாணம்தான் ஆனது.

மேனேஜர் லியோனார்டைக் கூப்பிட்டார். "லியோ, அந்தப் பொம்பள கண்ணு, நான் வூட்டுக்குப் போனாலும் பின்னாலயே வருது. நாளைக்குள்ள சின்னது பண்ணு. இல்ல, நீ வேற கொட்டகை பாரு."

லியோனார்ட் ஏணியில் ஏறி, மனமில்லாமல் அந்தக் கண்களைப் பாதியாகக் குறைத்தார். ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பும் வைத்தார். இறங்கி வந்து பார்த்தால் தங்கை மறுபடியும் யாரையும் பார்க்கவில்லை.

கொட்டகையில் விடாததை வீட்டில்தான் வரைய வேண்டும். அன்று மாலை ரோசரியிடம், "ஒன்னைய வரையப் போறேன்" என்றார்.

அவள் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். ஊரிலுள்ள நடிகைகளையெல்லாம் கொட்டகை உயரத்துக்கு வரைந்த மனிதர் அவளை ஒரு தபால்தலை அளவுக்குக்கூட வரைந்ததில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டினாள். பவுடர் போட்டாள், பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் கழுத்துக்கு ஓர் அட்டியலும் இரவல் வாங்கினாள். செல்லாயி, "அக்கா, பேனர்ல போட்டுறப் போறாங்க, பாத்துக்க" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அன்று அவளை உட்கார வைத்த லியோனார்ட் கேன்வாஸ் எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் நிறுத்தும் கட்-அவுட்டுக்கு வெட்டுவதுபோலப் பலகையில் ஆள் உயரத்துக்கு அவளை வெட்டினார். பிறகு இரண்டு நாள் அவளைப் பக்கத்தில் விடவில்லை. மூன்றாம் நாள் பலகையை மூடியிருந்த துணியை எடுத்தார்.

ரோசரி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"நானா? கண்ணு ஆந்தைக்கு இருக்குற மாதிரி இருக்கு. சரி, போகட்டும். கழுத்து எங்க?"

"அந்தப் பாணியில கழுத்து அவ்ளோ முக்கியம் இல்ல."

"கண்ட கண்ட நடிகைக்கெல்லாம் கழுத்து வரைஞ்சீங்களே, எனக்குன்னா மட்டும் பெயிண்ட் முடிஞ்சிருச்சா? அட்டியல் வேற இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்!"

அதன்பிறகு அவள் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பலகை பழைய பேனரிலிருந்து எடுத்தது. ஆகவே பின்பக்கத்தில் ஒரு வில்லனின் பாதி முகம் வீட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. ஒரு நாள் பொறுத்தாள். மறுநாள் மறுபடி தன்னையே திருப்பி வைத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் பிறந்ததும் அவளுடைய அம்மா குழந்தையம்மாள் கோலா கங்சாரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருட்டிய கூடத்தைப் பார்த்து, "ஏன்டி ரோசரி, வெளக்கப் போடாம அங்க என்னாடி நின்னுக்கிட்டு இருக்க?" என்று அதட்டினார்.

ரோசரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் இங்க இருக்கேம்மா!"

குழந்தையம்மாள், "சேசு மரி சூசை!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். விளக்கைப் போட்டதும் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். வில்லனையும் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார். "நீயேதான். சின்னதுல சாமி கும்பிடச் சொன்னா இப்படித்தான் முழிச்சிக்கிட்டு நிப்ப."

"அது நான் இல்லம்மா. யாரோ ஈராக்காரி."

"பெத்தவளுக்குத் தெரியாதாடி?"

தனக்கு ஓர் ஆள் கிடைத்த தைரியத்தில் லியோனார்ட் காலண்டரைக் காட்டி, அந்த நாட்டு வழக்கத்தை விளக்கினார். குழந்தையம்மாள் மிகக் கவனமாகக் கேட்டார். "அப்ப, நம்ம வூட்ல சமைச்சிக்கிட்டு இருக்குறப்ப இது அங்க நின்னு கும்பிடுமா, மாப்ள?"

"அவங்க அப்படித்தான் நம்புனாங்க, அத்த."

"நல்ல சனம்" என்றார் குழந்தையம்மாள்.

லகாட்டில் தோட்டத்துக்காரர்களுக்கென்று புனித அன்னம்மாள் பெயரில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று உண்டு. தோட்டம் போய்விட்டாலும் கோயில் நின்றது. ஞாயிறுதோறும் ஈப்போவிலிருந்து ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். நல்ல மனிதர், பெரிய குரல். முதல் தபசு ஞாயிறன்று அந்தக் குரல் கூரையைத் தூக்கியது. "பெஞ்செல்லாம் காலி! பொம்பளைங்க எங்க? அடுத்த ஞாயித்துக்கெழம ஒவ்வொரு வீட்டு அம்மாவும் அவங்கவங்க எடத்துல இருக்கணும். காரணம் சொல்லப்படாது!"

காரணம் இருந்தது. சட்டை ஆலைக்கு வெளிநாட்டுச் சரக்கு ஒன்று அவசரமாகப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஃபாதருக்குப் பயப்படுவதா, சூப்பர்வைசருக்குப் பயப்படுவதா என்று பெண்கள் தவித்துக்கொண்டிருந்தபோது குழந்தையம்மாள் வழி சொன்னார்.

"ரோசரி வேலைக்குப் போகட்டும். படத்தத் தூக்கிட்டுப் போயி அவ எடத்துல வச்சிருவோம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. செய்தி அன்று மாலைக்குள் ஆலையின் தையல் வரிசை முழுக்கப் பரவியது. வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். "லியோண்ணே, எனக்கும் ஒண்ணு." "கண்ணு பெருசாவே இருக்கட்டும்ண்ணே, தூங்கிறப்படாது." லியோனார்டுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, கண்ணைச் சின்னதாக்கச் சொல்லாத ஆட்கள் கிடைத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய பேனர்ப் பலகைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்தார். வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் வெட்டினார், வரைந்தார். ஒருத்திக்கு மூக்குத்தி, ஒருத்திக்கு அம்மைத் தழும்பு, ஒருத்திக்கு உடைந்த முன்பல். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி இருந்தாள். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

ஞாயிறு விடிந்ததும் செல்லாயி தலைமையில் தூக்கிச் சென்றார்கள். செல்லாயி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும், "நம்ம பொம்பளைங்க காரியம் லா" என்று முதல் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டது அவள்தான்.

பூசை தொடங்கியது. அன்று புழுக்கம் அதிகம். ஃபாதருடைய மூக்குக்கண்ணாடி வேர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்ததால் பிரசங்கத்துக்கு முன் அதைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசைகள் நிரம்பியிருந்தன. வண்ண வண்ணமாகச் சேலைகள். ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் இருமவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் ஃபாதர், குரல் தழுதழுக்க. "ஒரு வார்த்த சொன்னேன், வந்துட்டீங்க. அம்மாமாரே, ஒங்களப் பாத்து ஆம்பளைங்க கத்துக்கணும். கண்ணக்கூடச் சிமிட்டாம கேக்குறீங்க!"

பின்வரிசை ஆண்களின் தவிப்பு வேறு. அவர்களுக்குத் தெரிந்தது பலகைகளின் பின்பக்கம். ஒரு குதிரையின் பின்னங்கால்கள், துப்பாக்கி பிடித்த ஒரு கை, "விரைவில்" என்று ஒரு சொல், பல்லைக் கடிக்கும் அந்தப் பாதி வில்லன். சிரிப்பை அடக்க ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். கடைசிப் பெஞ்சில் லியோனார்ட் தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் அன்று பேசியதுபோல் என்றுமே பேசியதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அவருடைய பிரசங்கத்தை அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டதே கிடையாது. பாவம், பரிகாரம் என்று தொடங்கியவர் தன் சொந்தத் தாயைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார். முன்வரிசையும் அகலக் கண் திறந்து கேட்டது.

நற்கருணை அப்பம் வழங்கும் நேரம் வந்தது. ஃபாதர் படியிறங்கி நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. "வாங்கம்மா" என்றார் கனிவாக. அசைவில்லை. திரும்பிப் போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.



பூசை முடிந்ததும் லியோனார்டையும் குழந்தையம்மாளையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "லியோனார்ட்! நான் பலகைக்கா பிரசங்கம் பண்ணேன்?"

"இல்ல ஃபாதர்... பின்னால நாங்களும் இருந்தோம்."

"நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க!"

குழந்தையம்மாள் முன்னால் வந்தார். "சாமி கோவிச்சிக்கப்படாது. மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு நாங்க வூட்டுக்குப் போயிர்றோம். அது எங்களுக்குப் பதிலாத்தானே நின்னு எரியுது? அதுக்கு நீங்க ஏசுறதில்லையே."

"மெழுகுவத்தி என்னைய முறைச்சுப் பாக்குதா?" என்றார் ஃபாதர்.

ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆலை விஷயத்தைக் கேட்டபோது அவர் கோபம் கொஞ்சம் ஆலைப் பக்கம் திரும்பியது. கடைசியில், "பெஞ்சு உசிரோட இருக்குறவங்களுக்கு. இதுங்க சொவத்தோரமா நிக்கட்டும். பாஸ்கா வரைக்கும்தான்" என்றார்.

ஈஸ்டர் பாஸ்கா வந்தது, போனது. பலகைகள் போகவில்லை. காரணம், கோயில் நிரம்பத் தொடங்கிவிட்டது. பெண்கள் ஆலை வேலை முடிந்த கையோடு தங்களைப் பார்க்க வந்தார்கள். தங்களைப் பார்த்த பிறகு மற்றவர்களையும் பார்த்தார்கள். சண்டை வந்தது.

"லியோண்ணே, அவ கண்ணு என் கண்ண விட ரெண்டு விரக்கட பெருசா இருக்கு. அப்ப அவ கேக்குறதுதான் சாமிக்கு மொதல்ல தெரியுமா?"

"என்னையத் தூணுக்குப் பின்னால நிறுத்திட்டாங்க. எனக்கு ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது!"

லியோனார்ட் ஞாயிறுதோறும் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்டோடு கோயிலுக்கு வர வேண்டியதாயிற்று.

ரோசரி மட்டும் சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை. யாராவது கேட்டால், "அது யாரோ" என்பாள். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கோயில் கூட்டும் முறை அவளுடையதாக இருந்தது. வேறு யாரும் இல்லை. துடைப்பத்தை ஓட்டிக்கொண்டே சுவரோரம் வந்தவள், தன் பலகைக்கு முன்னால் நின்றாள். கண்ணைப் பார்க்கக் கூடாது என்று கீழே பார்த்தாள். கைகள் தெரிந்தன.

வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கல்யாணத்துக்கு முன்னால், பால்மரம் சீவிய காலத்தில், கத்தி வழுக்கி வாங்கிய காயம். மணிக்கட்டுக்கு மேலே ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் காடி தெறித்துப் பட்ட பழுப்புத் தழும்பு. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த விரல் வளைந்தது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தன் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வளைந்துதான் இருந்தது.

பேனர் நடிகைகளின் கைகளை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் வாழைத்தண்டு மாதிரி இருக்கும். அவற்றை வரைய யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

அவள் வீட்டுக்குப் போனாள். மத்தியானம் சோற்றோடு லியோனார்டுக்குப் பிடித்த கருவாட்டைப் பொரித்து வைத்தாள். "என்னா விசேஷம்?" என்று கேட்டவருக்கு, "கருவாடு இருந்துச்சு" என்று பதில் வந்தது.

ஜூலை கடைசியில் புனித அன்னம்மாள் திருவிழா. அந்த வருஷம் பிரசங்கத்துக்குப் பினாங்கிலிருந்து ஒரு முதிய பிரெஞ்சுச் சாமியார் வருவதாக ஏற்பாடு. ஐம்பது வருஷமாக இந்த நாட்டில் இருப்பவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அவரு பழைய காலத்து ஆளு. இதுங்களப் பாத்தா என்னையப் பத்தி என்னா நெனப்பாரு? இன்னிக்கே எல்லாத்தையும் ஏத்துங்க. ஈப்போவுக்குக் கொண்டு போங்க. கொட்டகையில வைங்க, எங்கயாவது வைங்க!"

ஓர் ஈயச் சுரங்கத்து லாரி கிடைத்தது. படுக்க வைத்தால் பெயிண்ட் உரியும் என்று லியோனார்ட் எல்லோரையும் நிற்க வைத்துக் கயிறு கட்டினார். இருபது பெண்கள் கைகளைக் கோத்துக்கொண்டு லாரியின் பின்னால் நின்றார்கள். முன் இருக்கையில் ஓட்டுநர், லியோனார்ட், ரோசரி. "எதுக்கு நீ வர்ற?" என்று லியோனார்ட் கேட்டதற்கு அவள், "சும்மாத்தான்" என்றாள்.

கட்டி முடித்து, அந்தி மங்கும் நேரத்தில் லகாட் ரோட்டில் போனபோது காப்பிக் கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஈப்போவை நெருங்கியதும் ரோட்டை அடைத்து இராணுவச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் கம்யூனிஸ்டுகளைத் தேடி அடிக்கடி அப்படி நடக்கும். தூறல் வேறு. ஓர் இளம் மலாய்ச் சிப்பாய் பின்பக்கம் போய், "துருன்! செமுவா துருன்!" என்று எல்லோரையும் இறங்கச் சொன்னான்.

யாரும் இறங்கவில்லை.

அவன் டார்ச்சை அடித்தான். இருபது ஜோடிக் கண்கள் அவன் தொப்பிக்கு மேலே எதையோ பார்த்தன. அவன் திரும்பித் தன் தொப்பிக்கு மேலே பார்த்தான். மறுபடி லாரியைப் பார்த்தான். ஓடிப்போய்த் தன் மேலதிகாரியான சார்ஜனைக் கூட்டி வந்தான்.

சார்ஜன் பலகையைத் தட்டிப் பார்த்தார். "சியாப்பா இனி?" இவர்களெல்லாம் யார்?

லியோனார்டுக்கு வாய் குழறியது. சுமேரியா என்றார், பாஸ்ரா என்றார், காலண்டர் என்றார். வெளிநாட்டுப் பெயர்களைக் கேட்டதும் சார்ஜன் முகம் இறுகியது. அப்போது ரோசரி கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். பின்பக்கம் போய்த் தன் பலகைக்கு நேரே நின்று, நெஞ்சில் விரலை வைத்தாள்.

"இனி சாயா லா, துவான். இது நான்தான்."

சார்ஜன் அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவளையும் அறியாமல் அவள் கைகள் கோத்திருந்தன. கண்களும் கொஞ்சம் விரிந்துதான் இருந்தன. "பெத்துல்" என்றார் சார்ஜன். உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த நேரம் எதிர்ப்பக்கம் வந்து நின்றிருந்த ஒரு பழைய காரின் கண்ணாடி இறங்கியது. வெள்ளைத் தாடியோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. தூறலுக்குள் லாரியைக் கண்டதும் அவர் கையைத் தூக்கிச் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதித்தார்.

"அம்மணிகளே, இந்த மழையில் தாங்கள் எத்திருத்தலத்திற்கு யாத்திரை செல்கின்றீர்கள்?"

பதில் வராததால் காரை விட்டு இறங்கி வந்தார். கிட்டத்தில் வந்ததும் நின்றுவிட்டார். தாடி ஆடத் தொடங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"இவர்களை நான் அறிவேன்! சிறுவனாக இருக்கையில், பாரீசு நகரத்து அருங்காட்சியகத்தில் இவர்களைக் கண்டு அஞ்சி, என் அன்னையின் பாவாடைக்குள் ஒளிந்தேன். இவர்கள் லகாட்டில் யாது செய்கின்றனர்?"

யாது செய்கின்றனர் என்பதை ரோசரி சொன்னாள். ஆலையில் தொடங்கி மெழுகுவத்தி வரை எல்லாவற்றையும், மழையில் நின்றே சொன்னாள். சார்ஜனும் நின்று கேட்டார். ஒன்றும் புரியாவிட்டாலும் இடத்தை விட்டுப் போகவில்லை. முடிந்ததும் கிழவர், "லாரியைத் திருப்புக" என்றார்.

கோயில் வாசலில் ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் விருந்தாளியை வரவேற்க மாலையோடு நின்றிருந்தார். முதலில் வந்து நின்றது லாரி. இருபது பெண்களும் அவருடைய தலைக்கு மேலே பார்த்தார்கள். மாலை அவர் கையிலேயே தொங்கியது. பின்னால் வந்த காரிலிருந்து முதியவர் இறங்கி, "ஸ்டானிஸ்லாஸ், உம் பங்கு ஆலயத்தில் இத்துணை விழிப்பான மக்கள் இருப்பதை எனக்கு ஏன் எழுதவில்லை?" என்றார். ஃபாதர் மாலையைத் தூக்கி அவர் கழுத்தில் போட்டார்.

மறுநாள் திருவிழாவில் பலகைகள் சுவரோரம் நின்றன. அவற்றுக்குரிய பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். ஆலைக்கு அன்று அரசாங்க விடுமுறையா, இவர்களே எடுத்த விடுமுறையா என்று யாரும் கேட்கவில்லை. முதியவர் தன் செந்தமிழில் நெடுநேரம் பிரசங்கித்தார். முன்வரிசையில் குழந்தையம்மாள் நன்றாகத் தூங்கினார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலையும்போது, முதியவர் லியோனார்டை ஒரு பக்கம் கூப்பிட்டார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"என் அன்னையை உம்மால் வரைய இயலுமா? படம் ஏதும் என்னிடம் இல்லை. போரில் வீடு எரிந்துவிட்டது."

"எப்படி இருப்பாங்க, சாமி?"

அவர் யோசித்தார். "முகம் மறந்துவிட்டது" என்றார். அதைச் சொல்லவே கூச்சப்பட்டார்.

பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ரோசரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மொகம் கெடக்கட்டும், சாமி. அவங்க கை எப்படி இருக்கும்?"

கை நன்றாக ஞாபகம் இருந்தது. பிறர் வீட்டுத் துணி துவைத்தவள். குளிர்காலத்தில் விரல் கணுக்கள் வெடித்திருக்கும். மோதிரம் கழற்ற முடியாதபடி விரல் தடித்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல ரோசரி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். எந்த விரலில் மோதிரம்? வெடிப்பு உள்பக்கமா, வெளிப்பக்கமா? லியோனார்ட் பென்சிலை எடுத்தார்.

முதியவர் அந்த வாரம் முழுதும் ஈப்போவிலேயே தங்கினார். பலகை தயாரானதும் மூவரும் சேர்ந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். ஆள் உயரத்துக்கு ஓர் அம்மா. தலையில் முக்காடு, கோத்த கைகள், பினாங்குப் பக்கம் போகும் பட்டர்வொர்த் ரயிலையும் தாண்டிப் பார்க்கும் பெரிய கண்கள். பெட்டி வாசலில் நிமிர்த்தினால் நுழையவில்லை. லியோனார்ட் ஒரு பக்கமும் போர்ட்டர் ஒரு பக்கமும் பிடித்துச் சாய்த்தார்கள்.

"மெதுவா, மெதுவா! தலை இடிக்கப் போவுது" என்று ரோசரி கத்தினாள். "சாமி, நீங்க அந்தப் பக்கம் நகருங்க. அம்மாவ ஜன்னலோரமா வைங்க. தைப்பிங்குல மழையா இருக்கும், கண்ணாடிய மூடிருங்க."

முதியவர் கீழ்ப்படிந்து நகர்ந்து உட்கார்ந்தார்.